டிடெக்டரோடு போய் உலோகம் அல்லாததைக் கண்டெடுத்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் சஃபோக் பக்கம் வார இறுதிகளில் மெட்டல் டிடெக்டரோடு வயல்களில் அலைகிற ஆள் நான். காசு கிடைத்ததா என்று கேட்பவர்களைவிட, "இது என்ன கல்லு, இது என்ன ஓடு" என்று போட்டோ அனுப்புகிறவர்கள்தான் இப்போது அதிகம். ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதி அலுத்துப்போனதால், வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே சேர்த்துவைத்திருக்கிறேன். சட்டம் என்று வரும் இடங்களில், வேறு நாட்டைக் குறிப்பிடாதவரை, இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தையே சொல்கிறேன்.

மெஷின் உலோகத்துக்குத்தானே கத்தும்? பானை ஓடும் கல்லும் எப்படி அகப்படுகின்றன?

மெஷினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மெஷினின் அடியில் இருக்கும் வளையத்திலிருந்து (காயில்) போகும் காந்தப்புலம் மண்ணுக்குள் மின்சாரம் கடத்தும் பொருளைத் தொட்டால் அதில் சின்ன மின்னோட்டம் எழும். அந்த எதிரொலியைத்தான் மெஷின் சத்தமாகச் சொல்கிறது. சுட்ட மண், கண்ணாடி, எலும்பு எல்லாம் பெரும்பாலும் அதற்கு வெறும் காற்று மாதிரி.

ஆனால் நீங்கள் ஐந்தாறு மணி நேரம் தலையைக் குனிந்து, இரண்டடிக்கு ஓரடி என்று உழுத மண்ணைப் பார்த்துக்கொண்டே நடக்கிறீர்கள். அப்படி நடக்கிற வேறு ஆள் அந்த வயலில் கிடையாது. டிராக்டரில் போகிற விவசாயிகூட அவ்வளவு கிட்டத்தில் மண்ணைப் பார்ப்பதில்லை. அதோடு, சிக்னலுக்காகத் தோண்டும் ஒவ்வொரு குழியிலும் வேறு ஏதாவது கூட வரும். சாயங்காலம் பையைக் கொட்டிப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஓடுதான் காசைவிடக் கனமாக இருக்கும்.

சிக்னல் நன்றாக வருகிறது. தோண்டினால் கல் மட்டும்தான். மெஷின் கெட்டுவிட்டதா?

இல்லை. கையில் எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், பஞ்சு போல் ஓட்டை ஓட்டையாக, பார்வைக்குக் கல்லாகவும் எடையில் லேசாகவும் இருக்கிறதா? அது கோக். நிலக்கரியைச் சுட்டு எடுத்த கரி. மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் மெஷின் ஏமாந்துபோகும். வம்பு என்னவென்றால், மெல்லிய சின்னத் தங்கத் துண்டுக்கு மெஷின் திரையில் வரும் அதே எண்தான் இதற்கும் வரும். அதனால் எண்ணைப் பார்த்துவிட்டுக் கடந்துபோகவும் மனசு வராது. கோக் கொட்டிய வயலில் ஒரு நாள் கழித்தால் இடுப்பு கழன்றுவிடும்.

கனமான, துருநிறக் கல் என்றால் அதில் இரும்புச்சத்து இருக்கும். நன்றாக வெந்த செங்கல் துண்டும் சில மெஷின்களில் சத்தம் கொடுக்கும். எதுவானாலும் கல்லை வெளியே வைத்துவிட்டுக் குழியில் இன்னொரு தடவை காயிலைக் காட்டுங்கள். கல்லுக்குக் கீழே உண்மையான பொருள் இருந்ததும் உண்டு.

வீடே இல்லாத வயல் நடுவில் இத்தனை பீங்கான் சில்லு எப்படி வந்தது? ஊர் ஏதாவது அழிந்துபோயிருக்குமா?

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அது குப்பை. இரசாயன உரம் வருவதற்கு முன்னால் நகரத்துக் கழிவறைக் குழிகளை இரவில் அள்ளி, அடுப்புச் சாம்பலோடு கலந்து, வண்டி வண்டியாக வயலுக்கு அடித்தார்கள். உடைந்த தட்டு, புகைக்குழாய், பொத்தான், பொம்மைக் கை எல்லாம் அந்தக் குழியில்தான் போட்டிருந்தார்கள். எருவோடு அவையும் வந்துவிட்டன. நம் ஊரில் வீட்டுக் குப்பைக்குழி மண்ணை வயலுக்கு அடிப்பது போலத்தான். நீலமும் வெள்ளையுமாகப் பூப்போட்ட சில்லு கிடைத்தால் அது அச்சுப்படம் ஒட்டிய ஸ்டாஃபோர்ட்ஷயர் வகைப் பீங்கானாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து வருவது, எங்கும் கிடைப்பது.

வயல் முழுக்க சீராகச் சிதறியிருந்தால் எரு. ஒரு மூலையில் மட்டும் குவிந்திருந்தால், அதுவும் ஒரே காலத்து ஓடுகளாக இருந்தால், அப்போதுதான் காது கூர்மையாக வேண்டும். தடித்த சிவப்புக் கூரை ஓடு, விரல்நகம் அளவு கல் கட்டிகள், இரும்பு ஆணி மூன்றும் ஓர் இடத்தில் சேர்ந்து வந்தால் கீழே ரோமானியக் கட்டடம் இருக்கலாம். அந்தக் கல் கட்டிகள் மொசைக் தரையிலிருந்து பெயர்ந்தவை. தனியாக ஒன்று கிடைத்தால் வெறும் ஜல்லி மாதிரி இருக்கும், யாரும் குனிந்து எடுக்க மாட்டார்கள்.

வெள்ளையாக, சுண்ணாம்புக் குச்சி மாதிரி, நடுவில் துளையோடு கிடைக்கிறதே, அது எலும்பா?

எலும்பு இல்லை, சுங்கான் தண்டு. வெள்ளைக் களிமண்ணில் செய்த புகைக்குழாய். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

16ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இங்கிலாந்துக்குப் புகையிலை வந்து சேர்ந்ததும் களிமண் சுங்கானும் வந்துவிட்டது. அப்போது புகையிலை அநியாய விலை. அதனால் முதல்காலத்துச் சுங்கானின் கிண்ணம் சுண்டுவிரல் நுனிகூட நுழையாத அளவுக்குக் குட்டியாக இருக்கும். பிற்காலத்தில் அவற்றை மண்ணில் கண்டெடுத்த கிராமத்து ஜனங்கள் "தேவதைச் சுங்கான்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மனிதன் இவ்வளவு சின்னதில் புகைப்பானா என்ற சந்தேகம்தான். புகையிலை மலிய மலியக் கிண்ணம் பெருத்தது. கிண்ணத்தின் அடியில் ஒரு குதிகால் மாதிரி முனை இருக்கும். அதில் செய்தவரின் முதலெழுத்துகள் அச்சாகியிருந்தால் அதிர்ஷ்டம், ஆளையே கண்டுபிடித்துவிடலாம். ஷ்ராப்ஷயரில் பிராஸ்லி என்கிற ஊர் இந்தத் தொழிலுக்குப் பேர்போனது.

கிண்ணம் கிடைக்கவில்லை, வெறும் தண்டுதான் என்றாலும் விஷயம் இருக்கிறது. காலம் போகப் போகத் தண்டு நீண்டது, துளை மெலிந்தது. ஜே. சி. ஹாரிங்டன் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் வர்ஜீனியாவில் கிடைத்த தண்டுகளை அளந்து 1954இல் இதை ஓர் அட்டவணையாக்கினார். அளக்கும் கருவி என்ன தெரியுமா? டிரில் பிட்டின் பின்பக்கம். ஓர் அங்குலத்தை 64 பங்காக்கிய அளவில் பிட்டுகளை ஒவ்வொன்றாகத் துளையில் நுழைத்துப் பார்க்க வேண்டியதுதான். 9 நுழைந்தால் 1620க்கு முந்தியது, 7 என்றால் 17ஆம் நூற்றாண்டின் பின்பாதி, 4 என்றால் 1750க்குப் பிந்தியது என்று போகும். 1962இல் லூயிஸ் பின்ஃபோர்டு என்ற இன்னொரு தொல்லியலாளர் இதை ஒரு கணக்காகவே சுருக்கினார்: சராசரித் துளையை 38.26ஆல் பெருக்கி, 1931.85இலிருந்து கழி. உங்கள் தண்டுகளின் சராசரி 6.2 என்றால் விடை சுமார் 1695.

ஒற்றைத் தண்டை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். நிறையத் தண்டுகளின் சராசரிக்குத்தான் இது பொருந்தும். 18ஆம் நூற்றாண்டின் கடைசிக்கு வந்தால் கணக்கே உதைக்க ஆரம்பித்துவிடும். ஆனாலும் ஒரு வயலில் இரண்டு வருடம் பொறுக்கிய தண்டுகளை மழைநாளில் மேசையில் பரப்பி, டிரில் பிட் பெட்டியோடு உட்கார்ந்துகொள்வதில் ஒரு தனி சுகம் உண்டு. வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அது புரியாது.

சிக்கிமுக்கிக் கல்லில் மனிதன் செதுக்கியது எது, தானாக உடைந்தது எது?

கிழக்கு இங்கிலாந்தில் கால் வைக்கும் இடமெல்லாம் சிக்கிமுக்கிதான். பனியும் உடைக்கும், கலப்பையும் உடைக்கும். அதனால் கூர்மையாக இருக்கிறது என்பது ஒன்றுமே இல்லை.

கல்லைத் திருப்பி வழவழப்பான பக்கத்தைப் பாருங்கள். மேல் விளிம்பில் அடி விழுந்த சின்ன மேடை இருக்கிறதா? அதற்குச் சற்றுக் கீழே சதை உப்பியது போல் ஒரு புடைப்பு? அங்கிருந்து, குளத்தில் கல் போட்டதுபோல் அலைவரிகள்? மூன்றும் இருந்தால் யாரோ குறிபார்த்து அடித்திருக்கிறார்கள் என்று நினைக்கலாம். அடுத்து ஓரத்தை விரலால் வருடுங்கள். ஒரே பக்கம் பார்த்து, ஒரே அளவில், பல் பல்லாக வரிசையாகச் சில்லு எடுத்திருந்தால் அது வேலைப்பாடு. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புதிதாகப் பெயர்ந்திருந்தால் கலப்பை. பனியால் உடைந்த கல்லில் அடி விழுந்த மேடையோ புடைப்போ இருக்காது. வட்டமாக, மூடி கழன்றது போல் ஒரு குழி விழும். சுண்ணாம்பு மண்ணில் கிடந்த பழைய முகத்தில் நீலம் கலந்த வெள்ளைப் படலம் படர்ந்திருக்கும். அதன்மேல் கன்னங்கரேலென்று ஒரு வடு இருந்தால் அந்த வடு நேற்றையது.

அதிகம் கிடைப்பது சுரண்டி, அதாவது தோல் சுரண்டப் பயன்பட்ட கட்டைவிரல் அளவுக் கல். அம்புமுனை அரிது. இலை வடிவம் என்றால் புதிய கற்காலத்தின் தொடக்கம், ஏறத்தாழ கி.மு. 4000ஐ ஒட்டி. இரண்டு காதும் நடுவில் ஒரு காம்பும் இருந்தால் வெண்கலக் காலத்தை ஒட்டியது. நார்ஃபோக்கில் கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்ற இடத்தில் நல்ல கல்லுக்காகவே புதிய கற்காலத்து மக்கள் வெட்டிய 400க்கும் மேற்பட்ட சுரங்கக் குழிகள் இருக்கின்றன. ஒன்றில் இறங்கிப் பார்க்கலாம்.

ஈயக் குண்டு கிடைக்கும் வயலில் சதுரமான, தட்டையான சிக்கிமுக்கித் துண்டையும் தேடுங்கள். பழைய துப்பாக்கியில் பொறி கிளப்பிய கல் அது. சஃபோக்கின் பிராண்டன் ஊரில் அதைச் செதுக்குவதே குலத்தொழில்போல நடந்தது.

இந்த இடத்தில் ஒருவரைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் சென்னைக்குப் பக்கத்துப் பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றில் ஒரு கல்லைப் பார்த்து நின்றார். அது பழைய கற்காலக் கருவி. இந்தியாவில் மனிதன் எவ்வளவு பழையவன் என்ற பேச்சே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கியது. அவரிடம் டிடெக்டர் இல்லை; இருந்திருந்தாலும் அது வாயைத் திறந்திருக்காது.

பளபளவென்று செங்காவி நிறத்தில் ஓர் ஓடு. புதிதாக இருக்கிறதே, பூத்தொட்டியா?

உடைந்த ஓரத்தைப் பாருங்கள். உள்ளேயும் அதே செந்நிறம், மாவுபோல் நைசான மண், மேலே மெழுகு தேய்த்த மாதிரி மினுமினுப்பு என்றால், அது சேமியன் பாண்டமாக இருக்கலாம். பெரும்பாலும் இன்றைய பிரான்ஸில் செய்து, கி.பி. முதல் நூற்றாண்டிலிருந்து மூன்றாம் நூற்றாண்டுவரை பிரிட்டனுக்குக் கப்பலேற்றிய ரோமானிய மேசைப் பாத்திரம். சிலவற்றில் முயலும் வேட்டைநாயும் புடைப்பாக ஓடும். கிண்ணத்தின் உட்பக்க அடியில் குயவர் பெயர் முத்திரை இருப்பதும் உண்டு.

இதன் மூத்த உறவு நம் ஊரிலேயே இருக்கிறது. இத்தாலியின் அரெசோ நகரத்துப் பெயரால் அரிட்டைன் என்று அழைக்கப்படும் இதே மாதிரிச் செம்பளபளப்பு ஓடுகள் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கிடைத்தன. பிரிட்டனில் ரோமானிய இடங்களைத் தோண்டிப் பழகிய மார்டிமர் வீலர், 1944இல் சென்னை அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டிலிருந்து வந்த ரோமானிய மதுச்சாடித் துண்டைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, 1945இல் அங்கே அகழ்வு நடத்தினார். தங்கக் காசு இல்லை, உடைந்த சாடிதான் அவரை இழுத்துப்போனது.

வயலில் பச்சை நிறக் கோலிக்குண்டு கிடைத்தது. குழந்தைகள் விளையாடியதா?

விளையாடியும் இருப்பார்கள். ஆனால் அது வந்தது சோடா பாட்டிலிலிருந்து. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை வாங்கிய பாட்டில்: கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் குண்டு, வாயில் ரப்பர் வளையம்; உள்ளே இருக்கும் வாயு குண்டை மேலே தள்ளி அடைத்துக்கொள்ளும். ஆமாம், நம் கோலி சோடாவேதான். காட் பிறந்தது இதே சஃபோக்கில், பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரில். குண்டை எடுப்பதற்காகவே பிள்ளைகள் பாட்டிலை உடைத்ததால் முழுப் பாட்டில் கிடைப்பது கஷ்டம். பழைய குப்பைமேட்டில் முழுசாக ஒன்று கிடைத்தபோது, கூட இருந்த ஆங்கிலேய நண்பருக்கு அதைத் திறப்பது எப்படி என்று கட்டைவிரலால் செய்து காட்டினேன். எங்கே கற்றாய் என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டில் என்றேன்.

காசு நிறைய வருகிறது, கூடவே பானை ஓடும் வருகிறது. வேகமாகத் தோண்டிவிடலாமா?

நிறுத்துங்கள். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

2010 ஏப்ரலில் சாமர்செட்டின் ஃப்ரோம் ஊருக்குப் பக்கத்தில் டேவ் கிறிஸ்ப் என்பவர் ஒரு சிக்னலைத் தோண்டினார். களிமண், ஒரு சின்னக் காசு, அப்புறம் பானையின் மேல்பகுதி. அவர் அங்கேயே கையை எடுத்துக்கொண்டு, தொல்லியல் ஆட்களைக் கூப்பிட்டார். உள்ளே 52,503 ரோமானியக் காசுகள், எடை 160 கிலோ. ஆனால் பேசவேண்டியது பானையைப் பற்றி. அந்த மெல்லிய பானை அவ்வளவு எடையைத் தாங்காது, தூக்கியிருந்தால் உடைந்திருக்கும். ஆகவே முதலில் குழியில் பானையை இறக்கிவைத்து, அப்புறம்தான் காசைக் கொட்டியிருக்கிறார்கள். பானையை அப்படியே தூக்காமல் அடுக்கு அடுக்காகக் காசை எடுத்ததால் இன்னொன்றும் தெரிந்தது: எல்லாவற்றிலும் புதிய காசுகளான கரௌசியஸ் மன்னனின் காசுகளில் பெரும்பகுதி பானையின் பாதிக்குக் கீழே கிடந்தது. உண்டியலில் போடுவதுபோல் வருடக்கணக்கில் சேர்த்திருந்தால் புதுக்காசு மேலே அல்லவா இருக்கும்? ஆக, ஒரே மூச்சில் கொட்டியிருக்கிறார்கள். திருடனுக்கு ஒளித்தார்களா, தெய்வத்துக்குக் கொடுத்தார்களா என்ற விவாதமே இந்த இரண்டு விஷயங்களை வைத்துத்தான் நடந்தது. மண்வெட்டியால் நாலு இழுப்பு இழுத்திருந்தால் 52,503 காசும் கையில் இருக்கும், கதை போயிருக்கும்.

இன்னொன்று, எங்கள் மாவட்டத்திலேயே. 1992 நவம்பரில் ஹாக்ஸ்னே கிராமத்தில் ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடி எரிக் லாஸ் டிடெக்டரோடு போனார். கிடைத்தது ஏறத்தாழ 15,000 ரோமானியக் காசுகளும் பொன் நகைகளும் வெள்ளிச் சாமான்களும். அவரும் பாதியில் நிறுத்திவிட்டுச் சொல்லியனுப்பினார். மறுநாள் தொல்லியலாளர்கள் கவனமாக எடுத்ததால்தான் அது மரப்பெட்டிக்குள் ஒழுங்காக அடுக்கிவைக்கப்பட்டிருந்தது என்பதும், உள்ளே யானைத்தந்தச் செப்பு ஒன்று இருந்ததும் தெரிந்தது. மரம் மக்கி மண்ணோடு மண்ணாகி நிறம் மட்டும் மிஞ்சியிருந்தாலும் கண்ணுள்ளவனுக்கு அது பெட்டி. (அந்த வெள்ளிச் சாமான்களில் நான்கு மிளகுச் செப்புகள். மிளகு எங்கிருந்து போனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) சுத்தியலும் கிடைத்தது, பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

முழு ஜாடி ஒன்று. குலுக்கினால் உள்ளே சத்தம். திறக்கலாமா?

வேண்டாம். தாடிக்கார முகம் பொறித்த ஜெர்மானியக் கல்பாண்ட ஜாடி என்றால் சூனிய ஜாடியாக இருக்கலாம். 17ஆம் நூற்றாண்டில், தனக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று நம்பியவர், அதைத் திருப்பியடிக்கத் தன் சிறுநீரையும் ஆணிகளையும் ஊசிகளையும் ஜாடியில் அடைத்துப் புதைப்பார். 2004இல் லண்டன் கிரீனிச்சில் மூடி கழலாமல் ஒன்று கிடைத்தது. ஆய்வகத்தில் திறந்தபோது ஆணி, குண்டூசி, தலைமுடி, வெட்டிய நகம், ஆணி குத்திய இதய வடிவத் தோல் துண்டு எல்லாம் இருந்தன. சிறுநீரில் நிக்கோடின் தடயம்கூடக் கிடைத்தது. ஆசாமி சுங்கான் பிடிப்பவர். வீட்டுக் குழாயடியில் திறந்திருந்தால் இதில் பாதி சாக்கடைக்குப் போயிருக்கும்.

இப்படிப்பட்ட ஜாடிக்கு மெஷின் கத்தும், உள்ளே இருக்கும் ஆணிக்காக.

உலோகம் இல்லாத பொருள் சட்டப்படி புதையலா?

தனியாகக் கிடைத்தால் இல்லை. 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பெரும்பாலும் பொன், வெள்ளி, காசுக் குவியல்களைப் பற்றியது. 2023 ஜூலை 30 முதல், 200 வருடத்துக்கு மேல் பழைய, வரலாற்றில் மிக முக்கியமான பொருள்களையும் சேர்த்தார்கள். ஆனால் அதிலும் கொஞ்சமாவது உலோகம் இருந்தாக வேண்டும். ஆக, ஐயாயிரம் வருடத்துக் கல்கோடரி புதையல் ஆகாது. எனக்கு இது விநோதமாகத்தான் படுகிறது.

ஆனால் புதையலோடு சேர்ந்து கிடைத்தால் எதுவும் புதையல்தான். காசு இருந்த பானை, அதன் உடைந்த ஓடு எல்லாம் அடக்கம். கண்டெடுத்த, அல்லது புதையலாக இருக்கலாம் என்று உணர்ந்த, 14 நாளுக்குள் அந்தப் பகுதியில் புதையலை விசாரிக்கும் அதிகாரியான கொரோனருக்குத் தெரிவிக்க வேண்டும். மற்றதெல்லாம் நிலத்துக்காரருக்குச் சொந்தம். அனுமதி வாங்கும்போதே ஓடு, கல், கண்ணாடி யாருக்கு என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். பாதுகாக்கப்பட்ட நினைவிடங்களில் டிடெக்டரைத் தனி அனுமதியில்லாமல் பயன்படுத்துவதே குற்றம். லண்டன் தேம்ஸ் கரையில் வெறும் கண்ணால் பொறுக்குவதற்கும் துறைமுக ஆணையத்தின் அனுமதிச்சீட்டு வேண்டும்.

ஸ்காட்லாந்தில் கதையே வேறு: அங்கே உலோகமோ ஓடோ, பழம்பொருள் எல்லாம் அரசுக்குப் போகும், அம்புமுனையையும் தெரிவித்தாக வேண்டும். வட அயர்லாந்தில் அனுமதி இல்லாமல் பழம்பொருளுக்காகத் தோண்டுவது தப்பு; அயர்லாந்துக் குடியரசில் அனுமதி இல்லாமல் டிடெக்டரோடு பழம்பொருள் தேடுவதே தப்பு.

யாரிடம் காட்டுவது?

பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருள்களைப் பதிவுசெய்ய, போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் என்று 1997இல் தொடங்கிய திட்டம் ஒன்று உண்டு. மாவட்டவாரியாக, அவற்றைப் பார்த்துப் பதிவுசெய்யும் ஃபைண்ட்ஸ் லையசன் ஆபீசர் இருப்பார். காசு மட்டும்தான் பார்ப்பார் என்று நினைத்துப் பலர் ஓடுகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். அவர் முதலில் கேட்பது, "எந்த இடம்?" என்பதைத்தான். வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் பத்து இலக்கக் கட்ட எண் இருந்தால் ஒரு மீட்டர் துல்லியம். போனிலேயே எடுக்கலாம். ஒவ்வொரு சின்னப் பைக்குள்ளும் சீட்டு, சீட்டில் எண், தேதி.

எப்படிக் கழுவுவது?

நன்றாகச் சுட்ட ஓடு, சுங்கான், சிக்கிமுக்கி: குளிர்ந்த தண்ணீர், மென்மையான டூத்பிரஷ், நிழலில் காயவைத்தல். அவ்வளவுதான். வினிகர், பிளீச், பாத்திரம் தேய்க்கும் நார் எதுவும் வேண்டாம்.

ஒருமுறை கருப்பாக, பிஸ்கட் மாதிரி உதிரும் ஓர் ஓட்டை மற்றவற்றோடு சேர்த்து வாளியில் ஊறப்போட்டேன். டீ போட்டுவிட்டுத் திரும்பினால் வாளியில் சேறு. சக்கரத்தில் வனையாமல் கையால் பிடித்து, திறந்த நெருப்பில் அரைகுறையாகச் சுட்ட பழைய பானையாக இருந்திருக்க வேண்டும். எத்தனையோ நூற்றாண்டு மழையைத் தாங்கியது, என் வாளியில் பத்து நிமிஷம் தாங்கவில்லை. அதிலிருந்து, நகத்தால் கீறினால் பொடியாகும் எதையும் நான் நனைப்பதில்லை.

கண்ணாடியில் மயில்கழுத்து நிறம் மின்னினால் அது அழுக்கு இல்லை. கண்ணாடியே ஏடு ஏடாக உரிகிறது. தேய்த்தால் அழகு கையோடு வந்துவிடும். சேற்றில் ஈரமாகக் கிடைத்த தோல், மரம் ஆகியவற்றை ஈரமாகவே, அதே சேற்றோடு டப்பாவில் மூடி, ஃபிரிட்ஜில் வைத்து, ஆபீசருக்குப் போன் போடுங்கள். காய்ந்தால் சுருண்டு வெடித்துவிடும்.

எலும்பு கிடைத்தால்?

மாடு, ஆடு, குதிரைப் பல் தினமும் கிடைக்கும். சுண்ணாம்பு மண்ணில் எலும்பு நிற்கும், அமில மண்ணில் கரைந்துபோகும். மனித எலும்போ என்று ஒரு துளி சந்தேகம் வந்தாலும் தோண்டுவதை நிறுத்தி, போலீசுக்கும் நிலத்துக்காரருக்கும் சொல்லுங்கள். போட்டோவை வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள்.

ஐந்து கோடு நட்சத்திரம் போட்ட உருண்டைக் கல்?

கடல் முள்ளெலியின் புதைபடிவம். மனிதன் செய்தது இல்லை, ஆனால் மனிதன் தொட்டிருக்கலாம். பழைய கல்லறைகளில் இதை வைத்திருக்கிறார்கள். சஃபோக்கில் இதற்குத் தேவதை ரொட்டி என்று பெயர்; வீட்டில் இருந்தால் ரொட்டிக்குப் பஞ்சம் வராது என்பார்கள். அம்மோனைட் படிவத்தைச் சாளக்கிராமம் என்று பூஜை அறையில் வைக்கும் நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கருப்பாக, வளைந்து, ஓரத்தில் ஆரஞ்சு வண்ணம். ரோமானியமா?

துப்பாக்கிப் பயிற்சிக்கு வானத்தில் எறியும் தட்டு. போன ஞாயிற்றுக்கிழமையது.

எப்போது போனால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்?

உழுது, பரம்படித்து, இரண்டு மூன்று நல்ல மழை பெய்த பிறகு. ஈர மண்ணில் சிக்கிமுக்கி கண்ணாடியாக மின்னும். வெயில் சாய்ந்திருக்கும் காலையோ மாலையோ நல்லது. உச்சி வெயிலில் எல்லாம் ஒரே நிறம்.

தமிழ்நாட்டில் டிடெக்டரோடு இப்படிக் கிளம்பலாமா?

கூடாது. இங்கே இருக்கும் நிலத்துக்காரர் அனுமதி, பதிவுத் திட்டம் என்ற ஏற்பாடு அங்கே இல்லை. 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருக்கும், மதிப்புள்ள எதுவும் அதன்படி புதையல். உலோகமா என்ற கேள்வியே இல்லை. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பத்து ரூபாய், மாற்றவே இல்லை. கிணறு வெட்டும்போதோ வயலிலோ கறுப்பு சிவப்புப் பானை ஓடு, தாழி விளிம்பு தென்பட்டால் தோண்டாமல் போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.விடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள்.

வீடு முழுக்க ஓட்டுச்சில்லு. வேண்டாததை எங்கே போடுவது?

ஆபீசர் பார்த்துப் பதிவுசெய்து, வேண்டாம் என்று சொன்னதை மட்டும் கழியுங்கள். எடுத்த வயலின் வரப்பிலேயே, விவசாயியிடம் கேட்டுக்கொண்டு போடலாம். இல்லையென்றால் குப்பைத் தொட்டி. வேறு வயலில் மட்டும் கொட்டாதீர்கள். என் தோட்டத்துப் பூந்தொட்டிகளின் அடியில் தண்ணீர் வடிவதற்காகச் சுங்கான் தண்டுகளைப் போட்டு வைத்திருக்கிறேன். தொட்டியின் உட்புறம் வயல் பெயரைப் பெயிண்டில் எழுதியிருக்கிறேன், நான் வீடு மாறிப்போன பிறகு யாராவது தொட்டியைக் கவிழ்த்து, இங்கே ஒரு சுங்கான் பட்டறை இருந்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாதே.